மழை நாளில் பெண்பிள்ளைகளுக்கு 1934 கிரிக்கெட் டெஸ்டைச் சொல்லிக் கொடுப்பது எப்படி

மார்கழி மழைக்கு மட்டக்களப்பில் மைதானம் எல்லாம் தண்ணீர் கட்டி நிற்கும். அந்த நாட்களில் பயிற்சி இல்லை என்று பெண்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். ஒரு வகுப்பறை, ஒரு ஸ்கோர் புத்தகம், ஆளுக்கொரு பென்சில் போதும், பெண்களின் சர்வதேசக் கிரிக்கெட் எப்படித் தொடங்கியது என்று ஒரே பின்னேரத்தில் சொல்லிவிடலாம்.

முதலில் வருடத்தைச் சொல்லாதீர்கள், நாட்டின் பெயரும் வேண்டாம். கரும்பலகையில் 'சகல விக்கெட்டும் இழந்து 47' என்று எழுதி, அதன் கீழே '10 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்' என்று எழுதுங்கள். இது எப்போது நடந்திருக்கும் என்று கேளுங்கள். என்னிடம் வரும் பிள்ளைகளில் அநேகமானோர் தாங்கள் பிறந்த பிறகு நடந்தது என்றுதான் சொன்னார்கள். அப்புறம்தான் தேதியை எழுத வேண்டும்: 1934 டிசம்பர் 28, பிரிஸ்பேன். பெண்கள் ஆடிய முதலாவது டெஸ்ட் அது, அதாவது ஒவ்வோர் அணியும் இரண்டு இன்னிங்ஸ் வரை ஆடும் பல நாள் சர்வதேச ஆட்டம். 47க்குச் சுருண்டது அவுஸ்திரேலியா, ஏழு விக்கெட் எடுத்தவர் இங்கிலாந்தின் மிர்ட்டில் மக்லகன். இங்கிலாந்துப் பெண்கள் கப்பல் செலவைத் தங்கள் கையிலிருந்தே கொடுத்துத்தான் அவ்வளவு தூரம் போனார்கள் என்பதையும் சொல்லுங்கள், ஏனென்றால் பஸ் காசுக்கு வீட்டில் கெஞ்சிவிட்டு வருகிற பிள்ளைக்கு அது உடனே விளங்கும்.

இனி புத்தகத்தைத் திறக்க வைக்கவும். மெய்டன் ஓவரை, அதாவது ஓர் ஓட்டமும் கொடுக்காத ஆறு பந்துகளை, எப்படி எழுதுவது என்று இந்த இடத்தில் காட்டுங்கள்: ஒரே கட்டத்துக்குள் மேலே மூன்று புள்ளி, கீழே மூன்று புள்ளி, அவற்றைக் கோட்டால் இணைத்தால் 'எம்' வரும், அந்த ஓவரில் விக்கெட்டும் விழுந்திருந்தால் 'டபிள்யூ' ஆக இணைக்க வேண்டும். பத்து ஓட்டம் மட்டும் கொடுத்து ஏழு பேரை வீழ்த்துவதென்றால் என்ன என்று அந்தப் பென்சில் கோடு சொல்லும், நாம் அதிகம் பேசத் தேவையில்லை. பிறகு மிச்சத்தைக் கொடுத்துக் கணக்குப் போட விடுங்கள். இங்கிலாந்து 154, அவுஸ்திரேலியா இரண்டாவது இன்னிங்ஸில் 138. இலக்கு எவ்வளவு? 32 என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். ஒரு விக்கெட்டை மட்டும் இழந்து இங்கிலாந்து அதை எடுத்தது.

தோற்ற கதையையும் மறைக்க வேண்டாம். 1935 பெப்ரவரியில் கிறைஸ்ட்சேர்ச்சில் நியூசிலாந்து தன் முதல் டெஸ்டில் 44க்குச் சுருண்டது. இங்கிலாந்து 5 விக்கெட்டுக்கு 503, அதில் பெட்டி ஸ்னோபோல் மட்டும் 189. போன வருடம் ஓர் ஆட்டத்தில் படுமோசமாகத் தோற்று, பஸ்ஸில் ஒருவரும் வாய் திறக்காமல் வந்த என் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொன்னேன். அதே நியூசிலாந்து 2000இல் உலகக் கிண்ணத்தை வென்றது என்றதும், பின் வாங்கில் இருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நேரம் இருந்தால் 1958க்குப் போங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் இது. மெல்பேர்ணில், மழையில் ஊறிய பிட்ச். அவுஸ்திரேலியா 38, இங்கிலாந்து 35. பெட்டி வில்சன் 7 ஓட்டங்களுக்கு 7 விக்கெட், அதற்குள் ஒரு ஹட்ரிக் (அடுத்தடுத்த மூன்று பந்தில் மூன்று விக்கெட்), அடுத்த இன்னிங்ஸில் துடுப்பெடுத்தாடி 100, பிறகு இன்னும் 4 விக்கெட். ஒரே டெஸ்டில் சதமும் பத்து விக்கெட்டும் எடுத்த முதல் ஆள் அவர்தான், ஆண்களையும் சேர்த்துச் சொல்கிறேன்.

1973 உலகக் கிண்ணத்துக்கு ஒரு வரி போதும்: ஆண்களுக்கு 1975இல் வந்தது, பெண்களுக்கு இரண்டு வருடம் முன்பே வந்துவிட்டது.

கடைசியாக நம் நாடு. 1998 ஏப்ரலில் கொழும்பில் இலங்கைப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்டில் பாகிஸ்தானை 309 ஓட்டங்களால் வென்றார்கள், சமனி செனவிரத்ன அறிமுக டெஸ்டிலேயே சதம் அடித்தார். அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மேல் இன்னொரு டெஸ்ட் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. ஏன் என்று பிள்ளைகள் கேட்பார்கள், கேட்க வேண்டும், அந்தக் கேள்வியை அமர்த்திவிடாதீர்கள்.

எழுதிய பக்கங்களைக் கிழிக்க விடாதீர்கள். வெயில் வந்து தரை காய்ந்ததும், அடுத்த ஆட்டத்தின் ஸ்கோரை அதே புத்தகத்தில் அடுத்த பக்கத்திலிருந்து அவர்களே எழுதட்டும்.