லீத்தல் கம்பெனில சிகுர்டோட கதைய முழுசா தோண்டி எடுக்கறது எப்படி

லீத்தல் கம்பெனிங்கற ஹாரர் வீடியோ கேம ஆடுற பாதி பேருக்கு சிகுர்ட்னு ஒருத்தன் இருக்கறதே தெரியாது. நிலாவுல இறங்கி ஸ்கிராப் (பழைய சாமான்) பொறுக்கு, கம்பெனி கேக்கற கோட்டா காச கட்டு, செத்துப்போ, அவ்ளோதான்னு ஆடிட்டு இருக்காங்க. தப்பில்ல, கேமும் உங்கள அப்படித்தான் வச்சிருக்கு, முதல் கோட்டா 130, மூணு நாள் டைம், இதுல கதைய எங்க தேடறது. ஆனா நமக்கு முன்னாடி இதே வேலைய பார்த்த இந்த சிகுர்ட், ஷிப்ல இருக்கற டெர்மினல்ல (கம்ப்யூட்டர்தான்) லாக் லாகா, அதாவது டைரி மாதிரி, எழுதி வச்சிட்டுப் போயிருக்கான். அத சேர்த்துப் படிச்சா இந்த கேம் வேற கேம் ஆயிடும். கதைய நான் இங்க சொல்லப்போறதில்ல, எப்படி எடுக்கறதுன்னு மட்டும் சொல்றேன்.

முதல்ல ஹோஸ்ட் (கேம தொறந்து மத்தவங்கள சேர்க்கற ஆள்) நீங்களா இருங்க. சேவ் ஃபைல் ஹோஸ்ட் கிட்டதான் இருக்கும், ஃப்ரெண்டு லாபில போய் தேடித்தேடி எடுத்துட்டு மறுநாள் உங்க லாபிய தொறந்து எங்கடா காணோம்னா அங்க இருக்காது. மூணு சேவ் ஸ்லாட் இருக்குல்ல, அதுல ஒண்ண இதுக்குன்னே ஒதுக்கிடுங்க. கோட்டாவும் லாகும் ஒரே ரன்ல வேணும்னு ஆசைப்பட்டா ரெண்டும் உருப்படியா நடக்காது, ஏன்னா லாக்குக்கு விலை கிடையாது, கோட்டால ஒரு பைசா சேராது, அதுக்கு நடக்கற நேரமெல்லாம் கம்பெனி கணக்குல வேஸ்ட்தான்.

கேம் ஆரம்பிச்ச உடனே டெர்மினல்ல உக்காந்து சிகுர்ட்னு டைப் பண்ணுங்க (இங்கிலீஷ்லதான், எஸ் ஐ ஜி யு ஆர் டி). லிஸ்ட் வரும். முதல் லாக் எதையும் தேடாமலே தொறந்திருக்கும், வியூன்னு போட்டு பக்கத்துல லாகோட பேர போட்டா படிக்கலாம். தேதிய பாருங்க, 1968 ஆகஸ்ட். ஸ்பேஸ்ஷிப்ல வேற கிரகத்துல நின்னுகிட்டு 1968-னு படிக்கும்போதே லேசா ஒரு மாதிரி இருக்கும். மத்த லாகெல்லாம் நிலாக்கள்ல சின்ன சிப்பா கிடக்கும், கிட்ட போய் ஈ அமுக்கினா எடுத்த மாதிரி, உடனே லாக் பேரு ஸ்க்ரீன்ல வரும், கையில தூக்கிட்டு வரவேண்டியதில்ல.

எங்க தேடறதுன்னுதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. நிலாவுல சாமான் கிடக்கற கட்டடம் இருக்குல்ல, ஃபெசிலிட்டி, அதோட உள்பக்கம் ஒவ்வொரு தடவையும் புதுசா உருவாகும், வெளில இருக்கற மேப்தான் மாறாம அப்படியே இருக்கும். அதனால உள்ள போய் ரூம் ரூமா அலையாதீங்க, வெளில பாருங்க. அதுவும் ஷிப்ல இருந்து மெயின் டோருக்கு போற வழிய விட்டுடுங்க, அங்க இருந்திருந்தா எப்பவோ எடுத்திருப்பீங்க. லூட் எடுக்க வர்றவன் எதுக்குமே போகமாட்டாங்கற இடம் எதுன்னு யோசிங்க, உயரமான பைப்பு, மொட்டை மேடு, கட்டடத்துக்குப் பின்பக்கம், மேப் முடியற ஓரம், அந்த மாதிரி. ஏறணும்னா எக்ஸ்டென்ஷன் லேடர் வாங்குங்க, 60 கிரெடிட், ஆரம்பத்துல கையில குடுக்கறதும் அதே 60-தான், கதை ரன்ல முதல் செலவு இதுவா இருக்கட்டும். ஏணி கொஞ்ச நேரத்துல தானா மடங்கிடும், மேல போய் வேடிக்கை பார்த்துட்டு நிக்காதீங்க. அப்புறம் ஏணி போடும்போது அது விழற பக்கம் ஃப்ரெண்டு நிக்கறானான்னு பாருங்க, மேல விழுந்தா ஆள் காலி. சிரிப்பா இருக்கும், ஆனா காலிதான்.

இறங்கறதுக்கு முன்னாடி டெர்மினல்ல மூன்ஸ்னு டைப் பண்ணி வெதர் பாருங்க. வெளில சுத்தற வேலைங்கறதால ஃபாகி (பனிமூட்டம்), எக்லிப்ஸ்ட் (கிரகணம்) ரெண்டும் வேண்டவே வேண்டாம். ஸ்டார்மில மெட்டல் சாமான் வச்சிருந்தா இடி விழும், ஷவல் கையில இருந்தா கீழ போட்டுடுங்க. காலைல எட்டு மணிக்கு இறங்கறோம், தேடறத மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க, சாயங்காலம் ஆயிடுச்சுன்னா நாய் மான்ஸ்டருங்க வந்துடும். கண்ணு கிடையாது, சத்தம்தான் அதுக்கு எல்லாம், மைக்ல பேசினாலும் கேக்கும். நாய் வந்துட்டா ம்யூட் போட்டு குனிஞ்சு நடங்க, "மச்சி நாய்டா"ன்னு கத்தறதுதான் அது உங்ககிட்ட எதிர்பார்க்கறதே.

ரெண்ட், டைட்டன்னு ரெண்டு நிலா இருக்கு, போறதுக்கே ரெண்ட் 550, டைட்டன் 700 கிரெடிட் கேக்கும். அதனால ஃப்ரீ நிலாக்கள முதல்ல முடிச்சிட்டு, கொஞ்சம் காசு சேர்த்துட்டு அங்க போங்க, அவசரம் இல்ல. ஆனா கம்பெனி பில்டிங்க மறந்துடாதீங்க. எல்லாரும் அங்க போய் சாமான கவுன்ட்டர்ல வச்சு பெல் அடிச்சு காசு வாங்கிட்டு ஓடிடறாங்க, அங்கயும் ஒரு லாக் இருக்கு. அந்த இடத்துல நேரமே ஓடாது, நிதானமா சுத்திப் பார்க்கலாம், ஓரங்கள்லாம் பாருங்க. பெல்ல மட்டும் சும்மா சும்மா அடிக்காதீங்க, கவுன்ட்டருக்குப் பின்னாடி இருக்கறது கடுப்பாகி கைய நீட்டும். கை இல்ல அது, என்னன்னு தெரியல. அந்த லாகோட தலைப்பே சுவத்துக்குப் பின்னாடி கேக்கற சத்தத்தப் பத்திதான், எடுத்த உடனே அந்த சுவத்த பார்த்துகிட்டு ஒரு நிமிஷம் சும்மா நில்லுங்க.

இப்ப லாக் வேட்டை ஆடறவங்களே விட்டுடற பாதிக்கு வர்றேன், பெஸ்டியரி, அதாவது மான்ஸ்டர் குறிப்புங்க. மான்ஸ்டர ரைட் கிளிக்ல ஸ்கேன் பண்ணினா அதோட குறிப்பு டெர்மினல்ல சேரும், மான்ஸ்டர் பேருக்கு அப்புறம் இன்ஃபோன்னு போட்டா வரும். அதுல சிகுர்டோட டேஞ்சர் லெவல்னு ஒரு பர்சன்டேஜ் இருக்கும் பாருங்க. அதாவது அதெல்லாம் கம்பெனி குடுத்த மேனுவல் இல்ல, இவன் நேர்ல பார்த்து, தப்பிச்சு வந்து, உக்காந்து எழுதினது. லாக் மட்டும் படிச்சா ஒரு கதை தெரியும், இத சேர்த்துப் படிச்சாதான் ஆளு தெரிவான். அவனோட கிண்டல், அவனுக்கு எது பயம், எது பயமில்லன்னு எல்லாம் இதுலதான் இருக்கு.

ஸ்கேன் பண்ணவும் ஒரு முறை இருக்கு. காயில்-ஹெட்ங்கற மான்ஸ்டர் நீங்க பார்த்துகிட்டே இருந்தா நகராது, நின்னு ஸ்கேன் பண்ணிட்டு கண்ண எடுக்காம பின்னாடியே நடந்து வெளிய வாங்க. பிராக்கன்ங்கற மான்ஸ்டர் நேர் எதிர், முறைச்சுப் பார்த்துகிட்டே இருந்தா கோவம் வந்து பாயும், ஒரு செகண்ட் பார்த்து ஸ்கேன் அடிச்சிட்டு உடனே கண்ண திருப்பிக்கணும். ரெண்டும் ஒரே காரிடார்ல வந்தா குறிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், ஓடுங்க. மாஸ்க் போட்டு ஆள் மாதிரி வர்றதுக்கும், அந்த சின்னப்பொண்ணு பேய்க்கும் பெஸ்டியரில பக்கமே கிடையாது. சிகுர்ட் அதுங்கள பார்க்கவே இல்லையா, இல்ல பார்த்தவன் திரும்பி வந்து எழுத முடியலையா, எனக்கு ரெண்டாவதுதான்னு தோணுது, ஆதாரம் கேக்காதீங்க.

படிக்கும்போது கிடைச்ச ஆர்டர்ல படிக்காதீங்க, தேதி ஆர்டர்ல படிங்க. ஒரு பேப்பர்ல தேதி, யார் பேரு வருது, எந்த நிலால கிடைச்சதுன்னு குறிச்சுக்கோங்க. ஒரு பேரு எந்த தேதிக்கு அப்புறம் வரவே இல்லைங்கறத கவனிங்க, கேம் பல விஷயத்த சொல்லாம விட்டுத்தான் சொல்லுது. டெஸ்மண்ட் பேர்ல ஒரு லாகே இருக்கு, அத கோல்டன் பிளானட்ங்கற லாக் கூட வச்சு ரெண்டு தடவை படிங்க, அப்புறம் கம்பெனி சுவத்துக்குள்ள என்ன இருக்குன்னு ரசிகருங்க எதுக்கு இவ்ளோ அடிச்சிக்கறாங்கன்னு உங்களுக்கே புரியும்.

ஆன்லைன்ல லொகேஷன் வீடியோ பார்த்து எடுக்கலாமான்னா, ஒண்ணு ரெண்டு கிடைக்காம மண்டை காஞ்சா பாருங்க, ஆனா வீடியோவோட தேதிய பாருங்க. 2023 அக்டோபர்ல எர்லி ஆக்சஸ்ல வந்த கேம் இது, 2024 ஏப்ரல்ல வந்த வெர்ஷன் 50-ல புது நிலாங்களே சேர்த்தாங்க, அதுக்கு முன்னாடி எடுத்த வீடியோவ நம்பி முழு லிஸ்ட் இதுதான்னு முடிவு பண்ணிடாதீங்க.