தோற்றால் என்ன ஆகும்? அதைப் பார்த்து கேம் வாங்குங்கள்

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டில் இரவு பத்தரைக்கு மேல்தான் லேப்டாப் என் கைக்கு வரும். பையனின் ஹோம்வொர்க் முடிந்து, பாத்திரம் தேய்த்து, இட்லி மாவைக் கரைத்து மூடி வைத்துவிட்டு உட்கார்ந்தால், தூக்கம் வரும்வரை ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் ஏழு வருடமாக இண்டி கேம்கள் ஆடி வருகிறேன். பெரிய கம்பெனிகளின் கோடிக்கணக்கான முதலீடு இல்லாமல், ஒரே ஆளோ ஒரு சின்னக் குழுவோ செய்து வெளியிடும் கேம்களுக்கு அந்தப் பெயர்.

"எதில் ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்பவர்களுக்கு முன்பெல்லாம் எனக்குப் பிடித்த நாலு பெயரைச் சொல்லிவிடுவேன். அது தப்பு என்று ஆபீஸில் கூட வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கு ஹாலோ நைட்டைச் சொன்னபோதுதான் புரிந்தது. மூன்றாம் நாள் வந்து, "நாள் பூரா திட்டு வாங்கிட்டு வீட்டுக்குப் போனா அங்கேயும் அடிதான் வாங்குறேன்க்கா" என்றாள். கேம் நல்ல கேம்தான். அவளுடைய நேரத்துக்கும் உடம்புக்கும் அது பொருந்தவில்லை. அதனால் இப்போது நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன்: தோற்றால் என்ன ஆக வேண்டும் உங்களுக்கு?

கதை எப்படி, படம் எப்படி என்பதெல்லாம் டிரெய்லரிலேயே தெரிந்துவிடும். நீங்கள் தவறு செய்யும் நொடியில் அந்த கேம் உங்களை எப்படி நடத்துகிறது என்பது டிரெய்லரில் வராது. வாங்குவதற்கு முன் யாராவது ஆடும் வீடியோவை எடுத்து, அவர் தோற்கும் இடத்தை மட்டும் பாருங்கள். திரும்ப எழ எத்தனை நொடி ஆகிறது, எவ்வளவு தூரம் பின்னால் தள்ளப்படுகிறார், கையில் இருந்ததில் எதை இழக்கிறார் என்று கவனியுங்கள். ஐந்து நிமிடம் போதும்.

நான் மனதார நேசிக்கும் செலஸ்ட் (Celeste) கேமை வைத்துச் சொல்கிறேன். 2018 ஜனவரியில் வந்தது. மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. முள்ளில் பட்டால் செத்துவிடுவாள். ஆனால் ஒரு நொடி ஆவதற்குள் அதே திரையின் ஆரம்பத்தில் மீண்டும் நிற்பாள். எதையும் இழப்பதில்லை. நீங்கள் இழந்தது அந்த ஒரு திரையில் எடுத்த இருபது நொடிதான். ஒரு அத்தியாயத்தில் முந்நூறு தடவை செத்திருக்கிறேன், ஒரு தடவைகூட அவமானமாக இருந்ததில்லை. செத்த எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்படு, அத்தனை தடவை கற்றுக்கொண்டிருக்கிறாய் என்று கேமே ஓர் அட்டையில் எழுதிக் காட்டுகிறது. நாலாம் அத்தியாயத்தின் முடிவில் ரோப் காரில் மேடலினுக்கு மூச்சு முட்டும். ஓர் இறகை மேலும் கீழும் மிதக்கவிட்டு அவள் மூச்சை நாம் சீராக்க வேண்டும். அப்பா ஐசியூவில் இருந்த வாரம் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அதே இறகை மனதில் வைத்துத்தான் நான் மூச்சு விட்டேன்.

செலஸ்ட் ஆடுபவர்களுக்கு இரண்டு யோசனை. வழியில் தெரியும் ஸ்ட்ராபெரிகளை முதல் சுற்றில் விட்டுவிடுங்கள். மலை ஏற அவை தேவையே இல்லை. விரல் ஒத்துழைக்கவில்லை என்றால் அசிஸ்ட் மோடைப் போடத் தயங்காதீர்கள். கேமின் வேகத்தைக் குறைக்கலாம், பிடிமானம் தீராதபடி வைக்கலாம். கேமைச் செய்தவர்களே மெனுவில் வைத்த வசதி அது. என் பையன் எண்பது சதவீத வேகத்தில்தான் உச்சிக்குப் போனான். அவன் ஏறியதும் அதே மலைதான்.

ஹேடீஸில் வேறு மாதிரி. சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் செய்தது, முழு வடிவம் 2020 செப்டம்பரில் வந்தது. பாதாள உலகத்திலிருந்து தப்பிக்கப் பார்க்கும் இளவரசன், செத்தால் அப்பாவின் அரண்மனைக்கே திரும்ப வந்து சேர்வான். வந்த இடத்தில் ஆளாளுக்குப் பேசுவார்கள், கதை நகரும். அதனால் தோற்ற இரவிலும் ஏதோ கிடைத்த நிறைவோடு மூடி வைக்கலாம். இதிலும் காட் மோட் என்று ஒன்று உண்டு: போட்டால் நீங்கள் வாங்கும் அடி இருபது சதவீதம் குறையும், சாகும் ஒவ்வொரு தடவையும் இன்னும் இரண்டு சதவீதம். நான் பத்தாவது தோல்விக்குப் பிறகு போட்டேன். முதல் நாளே போட்டிருக்கலாம்.

சரி, ஹாலோ நைட். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் டீம் செர்ரி என்ற மிகச் சிறிய குழு செய்தது, 2017-இல் வெளியானது. அதன் அடுத்த கேமான சில்க்சாங் 2025 செப்டம்பரில்தான் வந்தது. ஹாலோ நைட்டில் செத்தால் சேர்த்த ஜியோ, அதாவது அந்த ஊர்ப் பணம், செத்த இடத்திலேயே உங்கள் நிழலிடம் தங்கிவிடும். திரும்பப் போய் அந்த நிழலை வெட்டி வாங்க வேண்டும். போகும் வழியில் இன்னொரு தடவை செத்தால் மொத்தமும் போச்சு. என் கூட வேலை செய்பவளை உடைத்தது இதுதான். ஆனால் சில பழக்கங்களைக் கையில் பிடித்துக்கொண்டால் இதைவிட அழகான ஊர் சுற்றல் கிடையாது.

புது இடத்துக்குள் நுழைந்ததும் தரையில் காகிதத் துண்டுகள் கிடக்கின்றனவா, யாராவது முனகிப் பாடுவது கேட்கிறதா என்று பாருங்கள். வரைபடம் வரையும் கார்னிஃபர் பக்கத்தில்தான் இருக்கிறார். அவரிடம் அந்தப் பகுதியின் வரைபடத்தை வாங்கிய பிறகுதான் மற்ற வேலை. ஊர்க் கடையில் இறகுப் பேனாவையும் திசைகாட்டித் தாயத்தையும் முதலிலேயே வாங்கிவிடுங்கள். பேனா இல்லாமல் நீங்கள் நடந்த புது இடங்கள் வரைபடத்தில் ஏறாது; பேனா இருந்தாலும் வழியில் ஓய்வெடுக்க இருக்கும் பெஞ்சில் உட்கார்ந்தால்தான் ஏறும். இதை யாரும் சொல்லாததால் பத்து மணி நேரம் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு அலைந்தேன். அப்புறம், கையில் ஜியோ சேர்ந்ததும் செலவழித்துவிடுங்கள். காலிப் பையோடு செத்தால் வலிக்காது. பெரிய எதிரியிடம் ஐந்து முறை தோற்றால் அங்கேயே நிற்காமல் வேறு திசையில் போங்கள், உங்களுக்கு வேண்டிய சக்தி அங்கே எங்கேயோ கிடக்கும். கீபோர்டு வேண்டாம், கன்ட்ரோலர் வாங்குங்கள். நான் முதலில் வாங்கிய மலிவானது இரண்டே மாதத்தில் தாவும் பட்டன் உள்ளே போய் ஒட்டிக்கொண்டது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை. கடையிலேயே எல்லாப் பட்டனையும் ஐம்பது தடவை அழுத்திப் பார்த்து வாங்குங்கள்.

கிராபிக்ஸ் கார்டு இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு: என்னுடையதிலும் இல்லை. கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப்புக்கு ரேம் கூட்டி, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டதோடு சரி. செலஸ்ட், ஸ்டார்டியூ வேலி, இன்டு தி பிரீச் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. அவுட்டர் வைல்ட்ஸ் மட்டும் என் லேப்டாப்பில் திணறியது. அதற்குத்தான் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் ரீஃபண்ட்: வாங்கிய பதினாலு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்ப வரும். புது கேமின் முதல் ஒன்றரை மணி நேரத்தை ஒரே மூச்சில் ஆடி அன்றே முடிவெடுத்துவிடுங்கள். விலை ரூபாயிலேயே இருக்கும், யுபிஐயில் கட்டலாம். அவசரம் இல்லாததை விஷ்லிஸ்டில் போட்டு வைத்தால் தள்ளுபடி வரும்போது மெயில் வரும். டெமோ இருந்தால் விடாதீர்கள்.

மெட்ரோவில் போனில் ஆட, கார்டுகளை வைத்துச் சண்டை போடும் ஸ்லே தி ஸ்பையர். அல்சூரில் ஏறி குந்தலஹள்ளியில் இறங்குவதற்குள் இரண்டு மூன்று சண்டை முடியும். இதில் செத்தால் எல்லாம் போய்விடும், முதலிலிருந்துதான். கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் எதிரி அடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது அவன் தலைக்கு மேலேயே எழுதியிருக்கும். அதனால் தோற்றால் காரணம் உங்களுக்கே தெரியும். புதிதாக ஆடுபவர்கள் கொடுக்கிற கார்டையெல்லாம் வாங்கிச் சேர்க்கிறார்கள். வேண்டாம் என்று விடப் பழகுங்கள். கட்டு பெருத்தால் நல்ல கார்டு கைக்கு வராது. வியாபாரியிடம் போனால் ஸ்ட்ரைக் என்ற சாதாரண அடி கார்டு ஒன்றை நீக்கச் சொல்லுங்கள், அந்தக் காசு வீண்போகாது. நடுவில் ஸ்டேஷன் வந்துவிட்டால் மூடிவிடலாம், திறந்தால் அந்தச் சண்டையின் ஆரம்பத்தில் நிற்கும்.

பலாட்ரோவும் இந்தக் குடும்பம்தான், அபாரமான கேம். ஆனால் "இன்னும் ஒரு ஆட்டம்" என்று இரவைத் தின்றுவிடுகிறது. மறுநாள் ஆபீஸ் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில்லை.

பண்ணை வைத்துப் பயிர் செய்யும் ஸ்டார்டியூ வேலியில் தோல்வியே இல்லை என்று நினைத்து வருகிறார்கள். எரிக் பரோன் என்ற ஒரே மனிதர் நாலு வருடத்துக்கும் மேல் உட்கார்ந்து படம், இசை, நிரல் எல்லாம் தானே செய்து 2016 பிப்ரவரியில் வெளியிட்டார். அந்தப் பொறுமை ஒவ்வொரு செடியிலும் தெரியும். இதில் ஒரு நாள் என்பது ஏறக்குறைய பதினாலு நிமிடம். கம்ப்யூட்டரில் ஆடும்போது, கேமுக்குள் படுத்துத் தூங்கினால்தான் சேவ் ஆகும், அதனால் கரண்ட் போகும் மாலைகளில் பேட்டரியைப் பார்த்துக்கொண்டு ஆடுங்கள். மீன்பிடிப்பு வெறுத்துப்போனால் மீன் கடை வில்லியிடம் இருபத்தைந்து காசுக்கு ட்ரெய்னிங் ராடு என்ற பழகு தூண்டிலை வாங்குங்கள். ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: கேமுக்குள் முதல் வருடம் முழுக்க எந்த வழிகாட்டியையும் பார்க்காதீர்கள். எந்தப் பயிரில் லாபம் அதிகம் என்று கணக்குப் போட்டு ஆடினால் அது இன்னொரு ஆபீஸ். நான் பகலில் தணிக்கைக் கணக்குத்தான் பார்க்கிறேன். இரவில் பூசணி நடுவது பூசணிக்காக மட்டும்.

அதே காரணத்தால் பேப்பர்ஸ், ப்ளீஸ் கேமை வார நாளில் தொடவே கூடாது. எல்லைச் சாவடியில் பாஸ்போர்ட் சரிபார்க்கும் வேலை. ஒரு நாளில் முதல் இரண்டு தவறுக்கு எச்சரிக்கை, மூன்றாவதிலிருந்து சம்பளத்தில் பிடிப்பார்கள். வீட்டில் பிள்ளை பசியோடு இருக்கும். ஒரு தவறு யார் தலையில் விழுகிறது என்று இவ்வளவு துல்லியமாகக் காட்டிய கேம் வேறு எனக்குத் தெரியாது. சனிக்கிழமை காலை, வெளிச்சத்தில், ஒரு தடவைக்குக் கேமின் இரண்டு மூன்று நாள் மட்டும் ஆடுங்கள்.

வீட்டில் கேமே தொடாத பெரியவர்கள் இருந்தால் வெண்பா என்ற கேம். டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. 1980களில் கனடா போன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மாவின் பழைய சமையல் நோட்டு, அதில் அங்கங்கே அழிந்துபோன வரிகள். சமையலில் தப்பு செய்தால் மறுபடியும் செய்ய வேண்டியதுதான், தண்டனை கிடையாது. ஓர் இரவில் முடிந்துவிடும். மவுஸை அவர்கள் கையில் கொடுங்கள், நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள். இட்லித் தட்டை அடுக்கும் இடத்தில் நான் யோசித்துக்கொண்டு நின்றேன். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "மேல் தட்டுக் குழி கீழ் இட்லி மேல உட்காரக் கூடாதுடி, திருப்பி வை" என்றார். கொஞ்சம் கழித்து, "துணி போடாம என்ன இட்லி" என்றும் சொன்னார்.

கடைசியாக ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின். லூகாஸ் போப் செய்தது, 2018. ஆளில்லாமல் திரும்பி வந்த கப்பலில் அறுபது பேருக்கு என்ன ஆயிற்று என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இன்சூரன்ஸ் ஆய்வாளராகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொருவர் பெயரும், எப்படி முடிந்தார்கள் என்பதும் பேரேட்டில் ஏற வேண்டும். மூன்று பேர் சரியாக இருந்தால்தான் கேம் ஒத்துக்கொள்ளும், அதனால் சும்மா அடித்துப் பார்ப்பது அவ்வளவு சுலபம் இல்லை. தவறு எழுதினால் ஒன்றும் ஆகாது, பதில் வராது, அவ்வளவுதான். என் தொழிலைப் புரிந்துகொண்டு யாரோ செய்த மாதிரி இருந்தது.

இதை ஒரு வாரத்துக்குள் முடியுங்கள், இடைவெளி விட்டால் முகங்கள் மறந்துவிடும். ஹெட்போன் கட்டாயம், யார் எந்த ஊர்க்காரர் என்பது பேச்சில்தான் இருக்கிறது. தூங்கும் தொட்டில்களில் எண்கள் தெரியும், அவற்றைப் பெயர்ப்பட்டியலோடு ஒப்பிடுங்கள். கால் செருப்பு, குல்லா, யார் பக்கத்தில் யார் நிற்கிறார் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டியலில் இந்தியாவிலிருந்து போன மாலுமிகளும் உண்டு. அவர்களுடைய பெயர்களை நான் முதலில் தேடி முடித்தேன். விடை தெரிந்தபின் இதை இன்னொரு தடவை ஆட முடியாது, ஆகவே யாரிடமும் குறிப்புக் கேட்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

நான் முடித்த மறுநாள் தம்பி வந்து, "அக்கா, அந்த நோட்டைக் கொடு, பார்த்துட்டுத் தர்றேன்" என்றான். கொடுக்கவில்லை. கீழே கடையில் இருநூறு பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் ஒன்றிலிருந்து அறுபது வரை எண் மட்டும் போட்டுக் கொடுத்தேன்.