எல்லை மூடப்படும் நாளில் உங்கள் அரசு எது? மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து அவுஸ்திரேலியா செல்வோருக்கு

கல்லடியில் எங்கள் வீட்டுக்கு, அவுஸ்திரேலியா போவதற்கு முன் ஆலோசனை கேட்டு வரும் பிள்ளைகள் வாடகை எவ்வளவு, வேலை கிடைக்குமா, அரிசி எங்கே வாங்கலாம் என்றெல்லாம் கேட்கிறார்கள். தாங்கள் குடியேறப்போகும் மாநிலத்தின் அரசுக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கொவிட் பெருந்தொற்றின் இரண்டு ஆண்டுகளை மெல்பேர்னில் தற்காலிக விசாவோடு கழித்தவன் என்ற முறையில், நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்புவது அதைத்தான்.

நம்முடைய அனுபவம் வேறானது. 2020 மார்ச்சில் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களைப் புணானையில் உள்ள பல்கலைக்கழக வளாகத்தில் தனிமைப்படுத்துவது என்ற முடிவும், அதே மாதம் 20ஆம் திகதி நாடு முழுவதற்கும் போடப்பட்ட ஊரடங்கும் கொழும்பிலிருந்தே வந்தன. 2021இல் மாகாணங்களுக்கு இடையிலான பயணம் தடுக்கப்பட்டு, புணானையைத் தாண்டி, வட மத்திய மாகாணத்தில் உள்ள வெலிக்கந்தைக்குப் போக முடியாதிருந்தபோதும், அந்தத் தடை அக்டோபர் 31 அதிகாலை நீக்கப்பட்டபோதும் கிழக்கு மாகாணத்திடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கேட்பதற்கு 2017இலிருந்து மாகாண சபையே இருக்கவில்லை. மத்திய அரசும் மாநிலங்களும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஆட்சிமுறையான சமஷ்டி என்ற சொல்லைத் தேர்தல் மேடைகளில் கேட்டே வளர்ந்த நமக்கு, ஒரு சமஷ்டி நாட்டில் அன்றாட வாழ்க்கை எப்படி நடக்கிறது என்பது தெரியாது. அவுஸ்திரேலியாவில் இறங்கியதும் முதலில் பழக வேண்டியது இதற்குத்தான்.

அந்த நாட்டின் வெளி எல்லையும் விசாவும் கன்பராவில் உள்ள மத்திய அரசின் கையில் இருக்கின்றன. பொதுச் சுகாதாரம், வைத்தியசாலைகள், பொலிஸ் ஆகியவை மாநிலங்களிடம் இருக்கின்றன. 2020 மார்ச் 20 இரவு குடிமக்களும் நிரந்தர வதிவிடம் பெற்றவர்களும் தவிர ஏனையோருக்கு நாடு மூடப்பட்டது. அதே நாட்களில் தஸ்மேனியா, பிற மாநிலங்களிலிருந்து வருவோரைத் தனிமைப்படுத்தத் தொடங்கியது. மேற்கு அவுஸ்திரேலியா ஏப்ரல் 5 நள்ளிரவோடு தன் கதவை முற்றாகச் சாத்தியது. மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து தடையற்றதாக இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 92ஆம் பிரிவு சொல்கிறதே என்று கேட்டு, தொழிலதிபர் கிளைவ் பாமர் வழக்குத் தொடுத்தார். 2020 நவம்பர் 6 அன்று உயர் நீதிமன்றம், உயிரைக் காப்பதற்காகப் போடப்பட்ட அந்தத் தடை செல்லும் என்ற முடிவோடு வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறது.

இதை நேரில் காண்பதற்கு முர்ரே ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். ஆற்றின் வடகரையில் நியூ சவுத் வேல்ஸைச் சேர்ந்த ஆல்பரியும் தென்கரையில் விக்டோரியாவைச் சேர்ந்த வொடொங்காவும் ஒரே ஊர்போல வாழ்கின்றன. 1919ஆம் ஆண்டின் இன்ஃபுளுவென்சா தொற்றுக்குப் பிறகு முதல் தடவையாக, 2020 ஜூலை 8 அன்று அந்த எல்லை மூடப்பட்டது. கல்லடிப் பாலத்தின் நடுவில் பொலிஸ் நின்று, இக்கரையில் இருப்பவர் அக்கரையில் உள்ள வேலைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போக அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்வதாக நினைத்துப் பாருங்கள். நவம்பர் 23 வரை அங்கே அப்படித்தான் இருந்தது. உங்களை எந்தப் பக்கத்தவர் என்று தீர்மானித்தது, சாரதி அனுமதிப்பத்திரத்திலோ மின்கட்டணச் சீட்டிலோ இருந்த முகவரிதான். அறை மாறும்போது முகவரியை மாற்றாமல் நண்பர் வீட்டு முகவரியிலேயே காலத்தைக் கடத்துவது நம்மவர்களிடம் அதிகம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

மாநிலங்கள் நடந்துகொண்ட விதமும் ஒன்றுபோல இருக்கவில்லை. விக்டோரியாவின் தலைநகரான மெல்பேர்னில் நாங்கள் இரண்டு ஆண்டுகளில் மொத்தம் 262 நாட்கள் முடக்கத்தில் இருந்தோம். அதே காலத்தில் மேற்கு அவுஸ்திரேலியாவின் பெர்த்தில் இருந்த நண்பர்கள் பெரும்பாலான நாட்களில் வழக்கம்போலக் கடைக்கும் கோயிலுக்கும் போய்வந்தார்கள், ஆனால் அவர்கள் மாநிலத்தை விட்டு வெளியே போனால் திரும்பி நுழைவது நிச்சயமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஹோட்டலில் 14 நாட்கள் அடைபட்டிருப்பதற்கு, 2020 ஜூலையிலிருந்து குயின்ஸ்லாந்து ஒருவருக்கு 2,800 டொலரும் நியூ சவுத் வேல்ஸ் 3,000 டொலரும் அறவிட்டன. எது சரியான வழி என்று என்னிடம் கேட்டால், ஆரம்பத்தில் எல்லையை மூடியது பல உயிர்களைக் காத்தது என்றே சொல்வேன். ஆனால் தடுப்பூசி வந்த பின்பும் திறக்கும் நாளைத் தள்ளிக்கொண்டே போனது, குடும்பத்தைப் பிரிந்திருந்தவர்கள்மீது பெரும் பாரத்தை ஏற்றியது.

விசாவின் வகையை இதைவிடக் கவனமாக விளங்கிக்கொள்ள வேண்டும். குடிமக்களும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களும் நாட்டை விட்டு வெளியேற விலக்கு அனுமதி பெற வேண்டியிருந்தது. திரும்பி வரும் உரிமை அவர்களுக்கு இருந்தது, எனினும் 2020 ஜூலைக்குப் பிறகு விமானப் பயணிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் வெளியே சிக்கிக்கொண்டார்கள். தற்காலிக விசாவில் இருந்த எங்களுக்கு நிலைமை தலைகீழ். எப்போது வேண்டுமானாலும் போகலாம், விலக்கு இல்லாமல் திரும்ப முடியாது. என் தகப்பனார் இங்கே காலமானபோது நான் மெல்பேர்னிலேயே இருந்துவிட்டதற்குக் காரணம் அதுதான். 2020இல் வேலை இழந்தவர்களுக்கு மத்திய அரசு கொடுத்த கொடுப்பனவுகளும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. விக்டோரிய அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு 1,100 டொலர் வரை உதவியது, வேறு பல இடங்களில் தொண்டு நிறுவனங்களின் உணவுப் பொதிகளே கைகொடுத்தன.

மீண்டும் திறந்ததும் ஒரே நாளில் நடக்கவில்லை. நியூ சவுத் வேல்ஸும் விக்டோரியாவும் 2021 நவம்பர் 1 அன்று, தடுப்பூசி முழுமையாகப் பெற்று நாடு திரும்பியவர்களைத் தனிமைப்படுத்தாமல் உள்ளே விட்டன. மாணவர்களுக்கும் திறன்சார் விசா உள்ளவர்களுக்கும் டிசம்பர் 1 என்று குறிக்கப்பட்ட நாள், ஒமிக்ரோன் என்ற புதிய வைரஸ் திரிபு காரணமாக டிசம்பர் 15க்குப் போனது. தென் அவுஸ்திரேலியா நவம்பர் 23 அன்றும் குயின்ஸ்லாந்து டிசம்பர் 13 அன்றும் பிற மாநிலத்தவருக்குத் திறந்தன. மேற்கு அவுஸ்திரேலியா 2022 பெப்ரவரி 5 என்று அறிவித்துவிட்டு, பிறகு பின்வாங்கி, மார்ச் 3 அன்றுதான் திறந்தது. களுவாஞ்சிக்குடியில் பக்கத்துப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் இருவரில், மெல்பேர்னில் இடம் கிடைத்தவர் டிசம்பரில் விமானம் ஏறினார். பெர்த்தில் இடம் கிடைத்தவர் மார்ச் வரை வீட்டிலிருந்தே கணினியில் பாடம் கேட்டார். இருவரிடமும் இருந்தது ஒரே வகை மாணவர் விசாதான்.

நம் பகுதி மக்களுக்கு இன்னொரு தடையும் இருந்தது. இலங்கையில் பெரும்பாலானோருக்குப் போடப்பட்டது சினோபார்ம் தடுப்பூசி. அதை அவுஸ்திரேலியா 2021 நவம்பர் 1 வரை ஏற்றுக்கொள்ளவில்லை, ஏற்றுக்கொண்டபோதும் 18 முதல் 60 வயது வரையானவர்களுக்கே அது செல்லுபடியானது. பேரப்பிள்ளையைப் பார்க்கக் காத்திருந்த அம்மம்மாமார் அதனால் பட்ட வேதனையை நான் அறிவேன். ஐக்கிய இராச்சியம் அதே தடுப்பூசியை நவம்பர் 22 அன்று ஏற்றது. லண்டனுக்குப் போகிறவர்கள், 2021 ஜூன் 8 முதல் செப்டம்பர் 22 வரை இலங்கை அங்கே, வருவோர் ஹோட்டலில் தனிமைப்பட வேண்டிய நாடுகளின் சிவப்புப் பட்டியலில் இருந்ததையும், இங்கிலாந்துக்கும் ஸ்கொட்லாந்துக்கும் வேல்சுக்கும் தனித்தனி விதிகள் இருந்ததையும் அறிந்து வைத்திருக்க வேண்டும். கனடாவிலும் 2020 ஜூலையில் அத்திலாந்திக் கரையின் நான்கு மாகாணங்கள் தமக்குள் மட்டும் எல்லையைத் திறந்துகொண்டு, ஏனைய கனேடியர்களைத் தனிமைப்படுத்தின.

அவுஸ்திரேலியாவுக்குள் நுழையத் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 6 அன்று நீக்கப்பட்டது. ஆயினும் அன்று கதவை மூடப் பயன்பட்ட 2015ஆம் ஆண்டின் உயிர்ப்பாதுகாப்புச் சட்டமும் மாநிலங்களின் பொதுச் சுகாதார, அவசரகாலச் சட்டங்களும் இன்றும் நடைமுறையில் இருக்கின்றன. ஆகவே போய் இறங்கிய முதல் மாதத்திலேயே உங்கள் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் இணையத்தளத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விதி மாறினால் வாட்ஸ்அப் குழுவில் வருவதை நம்பாமல் அங்கே போய்ப் பாருங்கள். இரண்டு வாரம் ஹோட்டலில் தங்கவும் அவசரத்தில் ஊருக்கு வரவும் போதுமான பணத்தை, வாடகைக்கு எடுக்காமல் தனியாக வையுங்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தந்த தடுப்பூசி அட்டையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம். அந்த அட்டையில் தகப்பனின் பெயர் முதலெழுத்தாகவும் கடவுச்சீட்டில் முழுப்பெயராகவும் இருந்தால், ஊரில் இருக்கும்போதே அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மெல்பேர்னிலிருந்து தொலைபேசியில் அதைச் செய்விக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது.