பழைய படம் சீரியல் மாதிரி தெரியுதா? டிவில இத ஆஃப் பண்ணுங்க

ஜுராசிக் பார்க் மாதிரி பழைய சயின்ஸ் ஃபிக்‌ஷன் படத்த ப்ளூரேல திரும்ப பாக்க உக்காரும்போது முதல்ல டிவி பிக்சர் செட்டிங்ஸ்ல போயி மோஷன் ஸ்மூத்திங்க (அசைவ வழுவழுன்னு காட்டுற வசதி) ஆஃப் பண்ணிடுங்க, எல்ஜில அதுக்கு பேரு ட்ரூமோஷன், சோனில மோஷன்ஃப்ளோ, ஃபிலிம்மேக்கர் மோட் (படத்த எடுத்தபடியே காட்டுற செட்டிங்) இருக்குற டிவின்னா அத போட்டாலே போதும். 1993-ல வந்த அந்த படம் ஃபிலிம்ல செகண்டுக்கு 24 ஃப்ரேம் வச்சு எடுத்தது, டிவி நடுவுல தானாவே ஃப்ரேம் செஞ்சு சொருகுறதால மழையில டி-ரெக்ஸ் வெளிய வர்ற சீன் கூட வீடியோ கேமராவுல பொம்மைய எடுத்த மாதிரி ஆயிடுது. ஆஃப் பண்ணிட்டு கார் டாஷ்போர்டு மேல கப்புல தண்ணி அதிர்ற ஷாட்ட பாருங்க, அப்படியே தியேட்டர் ஃபீல், எனக்கு இன்னும் அந்த இடத்துல கை சில்லுன்னு ஆகும். நாய்ஸ் ரிடக்‌ஷனையும் சேத்து ஆஃப் பண்ணுங்க, ஃபிலிம்ல இருக்குற அழகான கிரெயின, அதாவது பொடிப்பொடி புள்ளிகள, அது மழுப்பிடும்.

கிரிக்கெட் பாக்குறப்ப ஸ்மூத்திங் ஆன்லயே இருக்கட்டும். சில 60 ஹெர்ட்ஸ் டிவில (செகண்டுக்கு 60 தடவ திரைய புதுப்பிக்கிறது) ஆஃப் பண்ணா கேமரா மெதுவா திரும்புற இடத்துல லேசா வெட்டி வெட்டி தெரியும், அப்படின்னா முழுசா ஆஃப் பண்ணாம ரொம்ப கம்மியா வச்சுக்கோங்க.