கழுத்து டிஸ்க் விலகல்: சுமையும் கடல்வேலையும் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை

கழுத்தெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் டிஸ்க் பிதுங்கி, கைக்குச் செல்லும் நரம்பை அழுத்தும்போது, பலருக்குக் கழுத்தைவிடக் கையில்தான் வலி அதிகம். ஐந்தாம், ஆறாம் எலும்புகளுக்கு இடையே பிதுங்கினால் கட்டைவிரல் பக்கமும், ஆறுக்கும் ஏழுக்கும் இடையே என்றால் நடுவிரலும் பெரும்பாலும் மரத்துப்போகும். வலிக்கிற கையைத் தூக்கி உச்சந்தலையில் வைத்தால் சிலருக்கு வலி குறைகிறது. தோள்மூட்டுக் கோளாறு என்றால் கையைத் தூக்குவதே பெரும்பாடு என்பதால், இந்த வேறுபாட்டை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

பெரும்பாலானோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலேயே 6 முதல் 12 வாரங்களில் வலி தணிகிறது. பிதுங்கிய பகுதியை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்வதும் உண்டு. அதுவரை கழுத்தின் மேல் ஏறும் சுமையைக் குறைப்பதுதான் முக்கியம். தொண்டி முதல் மூக்கையூர் வரை நம் ராமநாதபுரம் மாவட்டக் கரையில் கடினமானதும் அதுதான். விசைப்படகில் போகிறவர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள தடைக்காலம் இதற்கு வாய்ப்பாக அமையலாம். ஆனால் அந்த நாட்களை நாள் முழுக்கக் குனிந்து வலை பழுதுபார்ப்பதில் கழித்தால் பலனில்லை. நாட்டுப்படகுக்காரர்களுக்கும் மீன்கூடை சுமக்கும் பெண்களுக்கும் அந்த ஓய்வும் கிடையாது. சும்மாடு எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் தலைத்தோலை மட்டுமே காக்கும். கூடையின் எடை முழுவதும் கழுத்து வழியாகத்தான் இறங்குகிறது. ஆகவே வலி இருக்கும்வரை தலைச்சுமையை அறவே நிறுத்தி, மீனை இரண்டாகப் பிரித்து இரு கைகளிலும் உடலை ஒட்டிப் பிடித்துச் செல்வது, அல்லது ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடுவது நல்லது.

அண்ணாந்து பார்ப்பதும், வலிக்கும் பக்கமாகத் தலையைச் சாய்ப்பதும் நரம்பு வெளியே வரும் துளையைக் குறுக்கிவிடும். பாசி எடுக்கும் பெண்கள் நீரில் குப்புற மிதந்தபடி முன்னே பார்க்கத் தலையை நிமிர்த்தும்போது நடப்பது இதுவே. பனையேறுபவர்களுக்கும் இது பொருந்தும். குப்புறப் படுத்துத் தூங்குவதையும் செல்போனைத் தோளில் இடுக்கிப் பேசுவதையும் விட்டுவிடுங்கள். தலையணை, கழுத்து மேலும் கீழும் வளையாமல் நேராக இருக்கும் உயரத்தில் இருந்தால் போதும்.

வலிமாத்திரைகளை மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வாரக்கணக்கில் விழுங்குவது ஆபத்து: வெயிலில், குடிநீர் குறைவாகக் கடலில் இருப்பவர்களுக்கு அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நரம்புவலிக்குத் தரும் பிரிகாபலின் போன்றவை தூக்கத்தை வரவழைக்கும் என்பதால், அவை உடலுக்கு எப்படி ஒத்துக்கொள்கின்றன என்று தெரியும்வரை படகேறக் கூடாது. கழுத்தை அசையாமல் பிடிக்கும் பட்டையான காலரைத் தொடர்ந்து மாட்டியிருந்தால் கழுத்துத் தசை பலவீனப்படும்; சில நாட்களுக்கு மேல் அது வேண்டாம். கடும் வலி அடங்கியபின், மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து விநாடி நிறுத்தும் பயிற்சியைப் பிசியோதெரபிஸ்ட் முன் பழகிக்கொள்ளுங்கள். கையில் வலி கூடினால் உடனே நிறுத்துங்கள். முடிவெட்டும் கடையில் கழுத்தை முறித்துச் சொடக்கு எடுப்பதையும், சுளுக்கு எடுப்பதாக எண்ணி இழுத்துத் திருகுவதையும் நான் முற்றிலும் மறுக்கிறேன்.

வலியின் அளவைவிடப் பலக்குறைவுதான் கவலைக்குரியது. சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் மலம் கட்டுப்படாமை, கை நாளுக்கு நாள் வலுவிழப்பது ஆகியவை தண்டுவடமோ நரம்போ நசுங்குவதன் அடையாளங்களாக இருக்கலாம். அப்போது காத்திருக்காமல் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். எக்ஸ்ரேயில் டிஸ்க் தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும். ஆனால் வலியே இல்லாத பலரின் எம்ஆர்ஐயிலும் டிஸ்க் பிதுக்கம் தெரிவதால், அறிக்கையை மட்டும் பார்த்து அஞ்ச வேண்டியதில்லை.

அறுவை சிகிச்சை தேவைப்பட்டால், பெரும்பாலும் முன்கழுத்து வழியாக டிஸ்கை அகற்றி எலும்புகளை இணைக்கிறார்கள். செலவுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை பயன்படுமா என்று முன்னதாகவே விசாரியுங்கள். அறுவை சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் விழுங்குவதில் சிரமமும் குரல் கம்மலும் இருக்கலாம். பீடி, சிகரெட் எலும்புகள் ஒன்றுசேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால், சிகிச்சைக்கு முன்பே அவற்றை விட்டுவிட வேண்டும்.