ஊருக்குள் வேலை செய்யும் விளம்பர நிறுவனங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை போன்ற நகரத்தில் பத்துப் பதினைந்து பேரை வைத்து நடத்தப்படும் விளம்பர நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்கள் வேறு, ஊர்க்காரர்கள் வேறு என்று இல்லை. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருப்பவரே தம் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொருளாளராக இருப்பார். தனியார் பள்ளியின் தாளாளரே கோயில் திருப்பணிக் குழுவிலும் இருப்பார். ஆகவே ஊருக்கென்று நிறுவனம் எதைச் செய்தாலும் அது வெறும் விளம்பரச் செலவாக முடிந்துவிடாது. இவர்களை நம்பி வேலை கொடுக்கலாமா என்பதை ஊர் அதை வைத்தும் முடிவு செய்கிறது. அப்படியிருந்தும் எந்த நாள், எந்த இடம், என்ன உதவி என்பதை எல்லாம் அலுவலகத்துக்குள்ளேயே தீர்மானித்துவிட்டு, கடைசியில் படம் எடுப்பதற்கு மட்டும் ஊரை அழைப்பதே பெரும்பாலும் நடக்கிறது. இங்கே சொல்லப்படும் தவறுகளில் பலவும் இந்தப் பழக்கத்திலிருந்து வருபவை.

முதலில் நாள் குறிப்பதைப் பார்ப்போம். சமூக ஊடகப் பதிவுகளுக்கான அட்டவணையில் ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள் என்று இருப்பதால், அன்றைக்கு மரக்கன்று நட்டுப் படம் எடுக்க வேண்டும் என்று நிறுவனங்கள் முடிவு செய்கின்றன. மதுரைக்கு மழையின் பெரும்பங்கைத் தருவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழை. ஜூன் மாதத்தில் இங்கே வெயில் இன்னும் தணிந்திருக்காது, மண்ணிலும் ஈரம் இருக்காது. தண்ணீர் ஊற்ற ஆள் ஏற்பாடு செய்யாமல் அன்று நடப்படும் வேம்பும் புங்கையும் சில வாரங்களில் கருகிவிடுகின்றன, அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் அந்த நிறுவனத்தின் பெயர் எழுதிய கூண்டுக்குள் காய்ந்த குச்சியை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். செப்டம்பர் கடைசியில் குழி எடுத்து, முதல் மழைக்குப் பிறகு நட்டு, அடுத்த இரண்டு கோடைக்கும் தண்ணீர் ஊற்றுவதற்கு அந்தத் தெருவிலேயே ஒரு வீட்டாரிடம் பேசி வைப்பதுதான் முறை. பதிவு போடுவதற்கு ஜூன் 5 கட்டாயம் வேண்டுமென்றால், அன்றைக்கு சென்ற ஆண்டு நட்ட கன்றுகளின் படத்தைப் போடலாம். அதற்குக் கூடுதல் மதிப்பும் உண்டு.

ரத்ததான முகாமில் இதே தவறு இன்னும் பெரிய சேதத்தை உண்டாக்குகிறது. நிறுவனத்தின் ஆண்டு விழா, ஜூன் 14 உலக ரத்ததானம் செய்வோர் நாள், அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான நாள் என்று எல்லோரும் ஒரே சில நாட்களைப் பிடித்துக்கொள்கிறார்கள். தானமாகப் பெறப்படும் ரத்தத்தை வருடக்கணக்கில் சேமித்து வைக்க இயலாது: சிவப்பணுக்களை 35 முதல் 42 நாட்கள் வரையிலும், தட்டணுக்களை 5 நாட்கள் வரையிலும் மட்டுமே வைத்திருக்கலாம். ஒருமுறை கொடுத்த ஆண் 3 மாதமும் பெண் 4 மாதமும் மறுபடி கொடுக்கக் கூடாது. ஆகவே ஒரே வாரத்தில் ஊரிலுள்ள கொடையாளர்களை எல்லாம் வரவழைத்துவிட்டால் அந்த வாரத்தில் ரத்தம் மிகுந்துபோகிறது, பின்னர் தேவைப்படும்போது கொடுக்கத் தகுதியானவர்கள் குறைந்துவிடுகிறார்கள். கல்லூரிகள் விடுமுறையில் இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் மாணவர் முகாம்கள் நின்றுவிடுவதால் ரத்த வங்கிகள் தடுமாறுகின்றன. எப்போது, எத்தனை அலகு, எந்த வகை ரத்தம் தேவை என்று ரத்த வங்கியின் மருத்துவ அலுவலரைக் கேட்டு, அவர் சொல்லும் நாளில் முகாமை வைப்பதே சரி. இதில் விளம்பர நிறுவனங்களுக்கு என்றே இருக்கும் ஒரு ஆசையையும் சொல்ல வேண்டும்: ரத்தம் கொடுப்பவருக்குத் தங்கள் வாடிக்கையாளர் கடையின் தள்ளுபடிக் கூப்பனைக் கொடுக்கும் ஆசை. பணத்துக்கு ரத்தம் கொடுப்பதை இந்தியா 1998 ஜனவரி 1 முதல் தடைசெய்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. ஆதாயத்துக்காகக் கொடுக்க வருபவர் தம் நோயை மறைக்கக்கூடும். ஒரு பழச்சாறும் பிஸ்கட்டும் சான்றிதழும் போதும்.

பள்ளிகளுக்கு உதவச் செல்லும்போது நடப்பது வேறு வகைத் தவறு. ஏற்கெனவே கிடைப்பதையே கொண்டுபோய்க் கொடுக்கிறோம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடநூல், நோட்டுப் புத்தகம், சீருடை, பை, காலணி ஆகியவற்றை அரசே வழங்குகிறது. சத்துணவு பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது, காலை உணவுத் திட்டமும் 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. நிலைமை இப்படியிருக்க, அட்டையில் நிறுவனச் சின்னம் அச்சிட்ட நோட்டுகளை மேடை போட்டு வழங்குவதால் எந்தக் குறையும் தீர்வதில்லை, அந்தப் பிள்ளைகள் இரண்டு மணி நேரம் வெயிலில் வரிசையில் நிற்பதுதான் மிச்சம். கல்வி உரிமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்ட பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதன் கூட்டத்துக்குச் சென்று கேட்டால், கழிவறைக்குத் தண்ணீர் ஏறவில்லை, இரவுக் காவலர் இல்லை, சேர்க்கை குறைகிறது என்று உண்மையான பட்டியல் கிடைக்கும். அதில் கடைசியாகச் சொன்னதைக் கவனிக்க வேண்டும். சேர்க்கையைக் கூட்டுவது விளம்பர நிறுவனம் தன் தொழிலாகவே செய்துவரும் வேலை. தனியார் பள்ளிக்குப் பணம் வாங்கிக்கொண்டு செய்வதை, பக்கத்துத் தெரு மாநகராட்சிப் பள்ளிக்கு ஒரு கோடைக்காவது இலவசமாகச் செய்து கொடுக்கலாம்.

பிள்ளைகளைப் படம் எடுப்பது பற்றி ஒன்று. உதவி பெறும் கையோடு ஒரு குழந்தையின் முகத்தைப் படமெடுத்துப் பொதுவெளியில் போடுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். அந்தக் குழந்தை நாளை அதே ஊரில் வேலை தேடும், குடும்பம் நடத்தும். தலைமையாசிரியரின் வாய்மொழி அனுமதி பெற்றோரின் ஒப்புதலுக்கு ஈடாகாது.

பொருள் கொடுப்பதை விட்டுவிட்டுத் தன் தொழில் திறமையைக் கொடுப்பது எப்படி இருக்கும் என்பதற்கு மதுரையிலேயே பழைய முன்மாதிரி உண்டு. 1976இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புற முகாம்களில், மருத்துவர்களும் கருவிகளும் மருத்துவமனையின் பொறுப்பு. இடம் பிடிப்பதும், ஊர் ஊராகச் செய்தி சொல்வதும், தன்னார்வலர்களைத் திரட்டுவதும் அந்தந்த ஊர்ப் புரவலரின் பொறுப்பு. அரிமா சங்கங்களும் வணிகர்களும் அப்படிப் புரவலர்களாக இருந்து வந்திருக்கிறார்கள். முகாமுக்கு வருபவர்களில் அறுவை சிகிச்சை தேவைப்படுபவர்கள் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுகிறார்கள். இந்த ஏற்பாட்டில் செய்தி போய்ச் சேரவில்லை என்றால் மற்ற எதுவும் நடக்காது. கண் மங்கிய பாட்டியிடம் கண்கவர் ரீல்ஸால் பயன் இல்லை. ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும், நியாயவிலைக் கடை வாசலில் பெரிய எழுத்தில் ஒரு அறிவிப்பும், நூறு நாள் வேலைத் தளத்தில் வாய்ச்சொல்லும்தான் வேலை செய்யும். எந்தச் செய்தியை யாருக்கு எந்த வழியில் சொல்வது என்பதைத் தினமும் யோசிக்கும் ஒரு நிறுவனம் இத்தகைய முகாமுக்குத் தரக்கூடியது, எந்த நன்கொடைக் காசோலையை விடவும் பெரியது.

முகாம் பதிவேட்டிலிருந்து தொலைபேசி எண்களை எடுத்து வாடிக்கையாளர்களுக்குக் கொடுப்பதை உறுதியாகத் தவிர்க்க வேண்டும். கண் பரிசோதனைக்கு எண் கொடுத்தவருக்கு மறுவாரம் வீட்டுமனை விற்பனை அழைப்பு வந்தால், அடுத்த முகாமுக்கு அவர் வர மாட்டார், அவர் தெருவும் வராது. எந்த நோக்கத்துக்கு ஒப்புதல் பெறப்பட்டதோ அதற்கு மட்டுமே தரவைப் பயன்படுத்த வேண்டும் என்பதே 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும் ஆகும்.

திருவிழாக் காலத்தில் நிறுவனங்களின் கை பெரும்பாலும் ப்ளெக்ஸ் பேனரைத்தான் நாடுகிறது. 2017 நவம்பரில் கோவை அவிநாசி சாலையில் அலங்கார வளைவால் ஓர் இளைஞர் உயிரிழந்தார்; 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் பேனர் சரிந்து விழுந்து, ஸ்கூட்டரில் சென்ற இளம்பெண் ஒருவர் நிலைகுலைந்து லாரியில் சிக்கி இறந்தார். இவற்றுக்குப் பிறகும் சாலை நடுவிலும் நடைபாதையிலும் அனுமதியில்லாமல் பேனர் கட்டும் வேலையை ஏற்றுக்கொள்ளும் நிறுவனம், ஊருக்கு வேறு எவ்வளவு செய்தாலும் அதை ஈடுகட்ட முடியாது. வாடிக்கையாளர் வற்புறுத்தினாலும் மறுக்க வேண்டிய வேலை இது.

சித்திரைத் திருவிழாவில் அழகர் வரும் வழியெங்கும் அவர் நின்று செல்லும் மண்டகப்படிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிமையுடைய குடும்பமோ சமூகமோ சங்கமோ உண்டு, அவர்கள் தலைமுறைகளாக அதை நடத்தி வருகிறார்கள். புதிதாக வரும் நிறுவனம் தனியாகப் பெரிய பந்தல் போட்டுத் தன் பெயரை எழுதிக்கொள்வதைவிட, ஒரு மண்டகப்படிக்காரரிடம் போய், “ஐயா, இந்த வருஷம் உங்களுக்கு என்ன குறைவாக இருக்கிறது?” என்று கேட்பது நல்லது. தண்ணீர் லாரி ஏற்பாடு, காணாமல் போகும் பிள்ளைகளுக்கான அறிவிப்பு மேசை, கழிவறை எங்கே என்று காட்டும் பலகைகள் என்று பதில் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். நீர்மோர்ப் பந்தலும் அப்படித்தான். திறப்பு விழா நாளில் தர்ப்பூசணி முதல் ரோஸ் மில்க் வரை கொடுத்துவிட்டு, மறுநாள் வெறும் பானையை விட்டுச் செல்லும் பந்தல்கள் ஏராளம். மே 28 வாக்கில் அக்னி நட்சத்திரம் முடியும் வரை தினமும் வெறும் தண்ணீராவது நிரப்பப்படும் பந்தலைத்தான் சுமை தூக்குபவரும் பூக்கார அம்மாவும் நினைவில் வைத்திருப்பார்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையிலுள்ள ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் குவளைகளை அங்கே வைக்காதிருப்பதும் முக்கியம்.

ஊரின் பெயரையும் அடையாளத்தையும் விளம்பரத்தில் கையாள்வதிலும் பொறுப்பு வேண்டும். சினிமாவிலிருந்து அரிவாளையும் முறுக்கிய மீசையையும் எடுத்து மதுரை என்று காட்டுவது, இந்த ஊரில் நூலகத்திலும் பூச்சந்தையிலும் நெசவிலும் வாழ்நாளைக் கழிப்பவர்களைப் புண்படுத்துகிறது. இதைவிடக் கூடுதலான தீங்கு சுங்குடியில் நடக்கிறது. சௌராஷ்டிரப் பெண்கள் விரல் நுனியால் ஆயிரக்கணக்கான முடிச்சுகளைக் கட்டிச் சாயம் ஏற்றும் சேலைக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே புள்ளிகளை அச்சில் குத்திய மலிவான சேலையை ‘மதுரை சுங்குடி’ என்று விளம்பரப்படுத்த ஒரு கடை கேட்கும்போது, எழுதிக் கொடுக்கும் நிறுவனம் பக்கத்துத் தெருப் பெண்களின் கூலியைக் குறைக்கிறது. அச்சுச் சேலையை அச்சுச் சேலை என்று சொல்லி விற்கலாம், அதில் தவறில்லை.

போலி மதிப்புரைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நிறுவன ஊழியர்களே வாடிக்கையாளர் உணவகத்துக்கு ஐந்து நட்சத்திரம் போடுவதும், பணம் கொடுத்து எடுத்த வீடியோவை விளம்பரம் என்று குறிப்பிடாமல் விடுவதும் சிற்றூர்களில் மிக விரைவில் அம்பலமாகும். பணம் பெற்ற பதிவுகளில் அதைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

கடைசியாக, பாதியில் காணாமல் போவது. முதல் ஆண்டு ஐந்து நிகழ்ச்சி நடத்திவிட்டு இரண்டாம் ஆண்டு எதுவும் செய்யாத நிறுவனத்தால், அதை நம்பி ஏற்பாடு செய்த சங்கச் செயலாளர் தம் தெருவில் தலைகுனிகிறார். ஆண்டுக்கு ஒரே ஒரு பணியை எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் அதை விடாமல் செய்வது போதுமானது. அந்தப் பணிக்கு நிறுவனத்தில் ஒருவரைப் பொறுப்பாளராக்கி, அவரது கைபேசி எண்ணைத் தலைமையாசிரியருக்கோ சங்கச் செயலாளருக்கோ எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். அவர் வேலையை விட்டுப் போகும்போது, புதிதாகப் பொறுப்பேற்பவரை நேரில் அழைத்துப்போய் அறிமுகப்படுத்திவிட்டுத்தான் போக வேண்டும்.