பழைய கேம்பர் வேனுக்கு நாமே பாகம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

படுக்கையும் சமையலறையும் உள்ளேயே இருக்கும் கேம்பர் வேனுக்கு முப்பது வயதானாலும் இன்ஜினுக்கு உதிரிபாகம் எங்கேயாவது கிடைத்துவிடும். அலமாரித் தாழ்ப்பாளுக்கும் ஜன்னல் பிடிக்கும்தான் கிடைக்காது. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான், அதில் தப்பில்லை. உடைந்த துண்டை அளந்து அப்படியே நகலெடுப்பதில்தான் வம்பு ஆரம்பிக்கிறது.

பல வருடம் வெயில் தின்ற பிளாஸ்டிக் சுருங்கியிருக்கும், கோணியிருக்கும். அதை அளந்தால் கோணலும் சேர்ந்தே வரும். பாகத்தை விட்டுவிட்டு அது உட்காரும் இடத்தை அளந்து, முதலில் அட்டையில் வெட்டிப் பொருத்திப் பாருங்கள். அப்புறம் பழையது எந்த இடத்தில், எதனால் உடைந்தது என்று பாருங்கள்.

இதைப் பார்க்காதவர்கள் செய்வது, "இனி உடையவே கூடாது" என்று இரும்பில் அடிப்பது. எனக்கும் அந்த ஆசை வந்ததுண்டு. வண்டி பள்ளத்தில் இறங்கித் தூக்கிப்போடும்போது பிளாஸ்டிக் தாழ்ப்பாள் உடையும், கதவு தப்பிக்கும். தாழ்ப்பாளை இரும்பாக்கினால் அடி அடுத்த மெலிந்த இடத்துக்குப் போகும். கீலின் திருகு பலகையைப் பிய்த்துக்கொண்டு வரும். கொக்கி செய்யப் போனவர் கதவு செய்ய வேண்டியதாகிவிடும்.

த்ரீடி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் சறுக்குவது வெப்பத்தில். அதில் வழக்கமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே இளகத் தொடங்கும். வெயிலில் மூடி நிற்கும் வண்டியின் டாஷ்போர்டு அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தொடும். ஏஎஸ்ஏ என்ற பிளாஸ்டிக் என்றால் 100 டிகிரி அருகே வரை தாங்கும், வெயிலுக்கும் ஈடுகொடுக்கும். இன்னொன்று, கொக்கியை நிற்கவைத்து அச்சிட்டால் இழுபடும்போது அடுக்கு அடுக்காகப் பிரிந்துவிடும். படுக்கவைத்து அச்சிடுங்கள்.

ஜன்னலுக்கு அக்ரிலிக் (கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு) வெட்டுகிறவர்கள் திருகின் அளவுக்கே துளை போட்டு இறுக்கிவிடுகிறார்கள். 1 மீட்டர் அக்ரிலிக் 40 டிகிரி சூடு கூடினால் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். நகர இடமில்லாவிட்டால் துளையிலிருந்தே விரிசல் கிளம்பும். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, ரப்பர் வாஷர் வைத்து, மென்மையாக இறுக்கினால் போதும். தின்னர் போட்டுத் துடைக்கவே கூடாது.

ஒட்டுவதற்கு வாங்கும் சிலிகானில் வினிகர் வாடை அடித்தால் அது உலோகத்தை அரிக்கும் வகை. வாடையில்லாத நியூட்ரல் வகை கேளுங்கள். அலுமினியத் தகட்டில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டை நேரடியாக முடுக்கினாலும் ஈரம் பட்டதும் அலுமினியம் அரிக்கும். நடுவில் நைலான் வாஷர் வையுங்கள்.

மின்சாரத்தில், '12 வோல்ட்தானே, என்ன ஆகிவிடும்' என்ற அலட்சியம் பொல்லாதது. 120 வாட் கருவி 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். வீட்டு 240 வோல்ட்டில் அதே கருவிக்கு அரை ஆம்பியர் போதும். ஆக, மெல்லிய வயர் சூடாகி இங்கேதான் தீப்பிடிக்கும். ஃபியூஸ் இருப்பது வயரைக் காக்க. அதன் அளவை வயரின் தடிமனைப் பார்த்து முடிவுசெய்து, பேட்டரியை ஒட்டியே பொருத்துங்கள். ஃபியூஸ் போன இடத்தில் அலுமினியத் தாளைச் சுற்றிச் செருகுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். வீட்டுச் சுவரில் ஓடும் ஒற்றைக் கம்பி வயரும் உதவாது. வண்டியின் அதிர்வில் உள்ளுக்குள்ளேயே முறியும். பல இழை வயர்தான் சரி.

பிரேக், ஸ்டீயரிங், சீட் பெல்ட் பிடிமானம், கேஸ் இணைப்பு, இந்த நான்கிலும் கைவேலை வேண்டாம். கேஸ் விஷயத்தில் எதுவும் செய்யாமலே ஒரு தவறு நடப்பதுண்டு. சிலிண்டர் பெட்டியின் அடியில் ஒரு துளை இருக்கும். குளிர்காற்று வருகிறது, தூசி வருகிறது என்று அதைத் துணியால் அடைத்துவிடுகிறார்கள். எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் கீழே இறங்கி அந்தத் துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். உங்கள் வண்டியில் அது அடைபட்டிருந்தால், தாழ்ப்பாள் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அந்தத் துணியை எடுங்கள்.